காந்தளுக்கு நீல நூல்

நான்காம் வகுப்பு நோட்டுகளைத் திருத்துவதில் ஒரு சௌகரியம் உண்டு. ஐந்தாறு நோட்டுக்கு மேல் கை தானாகவே வேலை செய்யும். மனம் எங்கே வேண்டுமானாலும் போய்விட்டு வரலாம். போன வாரம் சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மாநில விலங்கு, மாநிலப் பறவை, மாநில மலர். மூன்று படத்துக்கும் பொருத்தமான வண்ணம் தீட்டுக. ஒவ்வொரு நோட்டிலும் செங்காந்தள் நுனியில் சிவப்பும் அடியில் மஞ்சளுமாக வந்துகொண்டிருந்தது. பதினொன்றாவது நோட்டில் அது நீலமாக இருந்தது.

சும்மா தேய்த்த நீலம் இல்லை. இதழின் ஓரம் ஓடும் வளைவைக்கூட விடாமல், கிரேயான் மெழுகு விரலில் ஒட்டுகிற அளவுக்கு அழுத்தித் தீட்டிய நீலம். மறுநாள் அந்த நோட்டுக்குரிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"செவப்பு தீந்துடுச்சு சார். நீலம் முழுசா இருந்திச்சு."

"இந்தப் பூ நீலமாவா இருக்கும்?"

"இருக்காது சார். எங்க வேலியிலதான் இருக்குது, தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா இதுவும் நல்லாதான் இருக்குது, இல்ல சார்?" என்றாள்.

என் கையில் சிவப்புப் பேனா இருந்தது. தவறு என்று ஒரு கோடு போடுவது பெரிய வேலையா? வரவில்லை. அந்த நோட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறது.

அக்காவும் நீலம்தான் கேட்டாள்.

நான் அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மாவட்டம் பிரியாத காலம். எல்லாவற்றுக்கும் விழுப்புரம் போக வேண்டும். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கிற தூரம். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா நடவுக்கோ களைக்கோ போவாள். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியதை யாருக்காவது ஞாபகப்படுத்தாமல் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். நின்றாள் என்பதைவிட, அம்மா வேலைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள் என்பதுதான் சரி. அவள் விட்ட இடத்திலிருந்து நான் படித்தேன். அந்தக் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் ஆறு மாத இலவசத் தையல் வகுப்பு ஒன்று நடந்தது. அக்கா அதில் சேர்ந்தாள். ஜாக்கெட்டும் பாவாடையும் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அக்காவுக்கு மட்டும் எம்ப்ராய்டரி பிடித்துக்கொண்டது. ஆறு இழை நூலை உருவி, பூவுக்கு மூன்று, காம்புக்கு இரண்டு என்று பிரித்துத் தொடைமேல் வரிசையாகப் போட்டுக்கொள்வாள். சங்கிலித் தையல், காம்புத் தையல், ஊசியில் நூலைச் சுற்றி இழுத்துப் போடும் முடிச்சு எல்லாம் அவளுக்குச் சோறு பிசைவது மாதிரி. நிறம்தான் அவளுக்குப் பெரிய விஷயம். நான் படித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு கண்டு நூலைப் புத்தகத்தின்மேலேயே வைப்பாள்.

"தம்பி, இங்க பாரேன். இன்னா கலரு போடட்டும்?"

"அக்கா, பரிச்ச இருக்குது."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் படி. உன் பரிச்ச எங்கயும் ஓடிடாது."

எதையாவது காட்டுவேன். பாதி நாள் பார்க்காமலேயே காட்டுவேன். அவள் அதைத்தான் போடுவாள் என்று இல்லை, ஆனாலும் கேட்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்பாள்.

அந்த ஐப்பசியில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் தாய்மாமன் கொண்டுவந்தது. மாப்பிள்ளை சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரைவர், மலையடிவாரத்தில் ஊர், குடிப்பழக்கம் இல்லை. பெண் பார்க்க வந்தபோது எண்ணெய் தடவிய தலையும் நீலச் சட்டையுமாக வந்தார். அக்கா போட்டிருந்த ஜாக்கெட்டின் கைமேல் இருந்த சின்னக் குருவியைப் பார்த்து, "இது கடையில வாங்கினதா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். "கையால போட்டதா? அப்ப வூட்லயே ஒரு மிஷினு போட்டுக்கினா தெருவே வரும்" என்றார். பெண் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளை இவ்வளவு பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாமாவே கொஞ்சம் திகைத்துப் போனார். அன்று முழுக்க அக்கா ஒரு பாட்டையும் முடிக்காமல் பாதிப் பாதியாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது பூ வைக்க வருவது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு தட்டு வைக்க வேண்டும். வெற்றிலை, பழம், தேங்காய், மேலே ஒரு மூடுதுணி. அந்தத் துணி பெண்ணின் கைவேலையாக இருந்தால் கௌரவம். மாப்பிள்ளையின் அம்மாதான் அதை எடுத்துப் பிரிப்பார்.

"எல்லாரும் ரோஜாவே போட்டுக்கினு இருக்காங்க. நீ புதுசா ஒரு பூ வரஞ்சி குடுடா" என்றாள் அக்கா.

அந்த வருஷம் பள்ளியில் மாநிலச் சின்னங்களைப் பற்றிப் பேசி இரண்டாம் பரிசு வாங்கியிருந்தேன். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். எங்கள் வீட்டில் அதில் யாரும் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டது நான். அந்த மிதப்பில், ஓடைக்கரைப் புதரில் ஏறியிருந்த காந்தளை ஒரு கொத்து பறித்து வந்து, பார்த்துப் பார்த்து வரைந்து, கார்பன் தாளை வைத்துத் துணியில் இறக்கினேன். மேல்நோக்கி மடங்கிய ஆறு இதழ், ஓரத்து நெளிவு, கீழே விரிந்து நிற்கும் ஆறு மகரந்தத் தாள்கள், கம்பியைப் போலச் சுருளும் இலைநுனி. எதையும் விடவில்லை.

அக்கா துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏண்டா, இது கண்வலிக் கெழங்குப் பூவாச்சே."

"செங்காந்தள். மாநில மலர்."

"மாநிலத்துக்கு வேற பூவே கெடைக்கலையா?"

"கிழங்குதாங்கா விஷம். துணியில யாரு கிழங்கு போடறாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "சரி, வரஞ்சதே வரஞ்சிட்ட. நான் நீலம் போட்டுக்கறேன். நீலம் போட்டா எந்தப் பூவுன்னு யாருக்குத் தெரியப் போவுது."

இப்போது யோசித்தால், கைவேலைப் பூ என்பதே அதுதான். தலையணை உறையிலும் கைக்குட்டை மூலையிலும் நாம் பார்த்திருக்கிற பூக்கள் எந்தச் செடியிலும் பூக்காதவை. ஐந்து இதழ், நடுவில் மஞ்சள் முடிச்சு, பக்கத்தில் இரண்டு இலை. அது மல்லியும் இல்லை, ரோஜாவும் இல்லை, வெறும் பூ. அதனால்தான் யார் வீட்டுக்கும் அது போகலாம். பிறந்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே பூ. இது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தாவரவியல்தான் தெரிந்திருந்தது.

"தப்புக் கலரு போட்டா நான் வரைஞ்சதுக்கே அர்த்தம் இல்ல" என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை எந்தத் தொனியில் சொன்னேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மறுநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பாய் கடைக்குப் போனோம். பாய் நூல் டிராயரை அப்படியே உருவி கண்ணாடிமேல் வைப்பார். திறந்தவுடன் அந்துருண்டை வாசனை வரும். நான் பூவை ஒரு பாலித்தீன் பையில் கொண்டு போயிருந்தேன். அதை எடுத்து நூல்களுக்கு நடுவில் வைத்தேன்.

"தம்பி, செவப்புலயே பன்னெண்டு இருக்குது. எது வேணும்?" என்றார் பாய்.

நான் இதழைப் பிடித்து ஒவ்வொரு கண்டாக ஒட்டிப் பார்த்தேன். நுனிக்கு ரத்தச் சிவப்பு, அதற்குக் கீழே ஆரஞ்சு, பிறகு மஞ்சள், காம்போடு சேருகிற இடத்தில் பச்சை கலந்த மஞ்சள். பாய்க்குப் பொறுமை ஜாஸ்தி. "ஷேடு நூலு இருக்குது, செவப்பும் மஞ்சளும் ஒரே கண்டுல மாறி மாறி வரும், வேல கம்மி" என்றார். அது வேண்டாம் என்றேன். அதில் நிறம் தன்னிஷ்டத்துக்கு மாறும், இதழில் மாறுகிற இடத்தில் மாறாது. அதற்குள் அக்கா ஒரு நீலக் கண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பாய், இதுல ரெண்டு குடுங்க."

"அது எதுக்குக்கா?"

"எதுக்கோ." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்டைப் பழையபடி டிராயரில் செருகினாள். "வாத்தியாரு சொன்னா கேட்டுக்கணும். நாளைக்கு இவுரு வந்துதான் தட்டத் தூக்கப் போறாரு."

பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். மாப்பிள்ளையின் சட்டை நீலம் என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. எட்டியபோது அதைச் சொல்வதற்கு இடமில்லாமல் போயிருந்தது.

ஆறு நாள் போட்டாள். நெட்டையும் குட்டையுமாகத் தையலை மாற்றி மாற்றிக் கோத்து, ஒரு நிறம் எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி. ஒவ்வொரு இதழ் முடிந்ததும் நான் பூவோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். பூ வாடினால் புதிதாகப் பறித்து வருவேன். இலைநுனிச் சுருளை அவள் விட்டுவிடப் பார்த்தாள், நான் விடவில்லை. அம்மா ஒருநாள் களையெடுத்துவிட்டு வந்து, சேற்றுக் கையைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இது ஓடையோரம் மொளைக்கிறதுதான? நல்ல காரியத்துல இத எதுக்குடா?"

நான் பாடப் புத்தகத்தை எடுத்து, மாநில மலர் படம் இருந்த பக்கத்தைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "புக்குலயே போட்டிருந்தா சரிதான். நமக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஆலையில் வேலை, அவர் வரவில்லை. அவருடைய அம்மா, இரண்டு பெண்கள், பெரியப்பா முறையில் ஒருவர். அந்த அம்மாவின் கையில் வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம் இருந்தது. பாயில் உட்கார்ந்ததும் அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா மூடுதுணியை எடுக்கக் கை நீட்டியவர், எடுக்காமல் அதன்மேலேயே கையை வைத்தார். விரலால் ஓர் இதழைத் தடவினார். அப்புறம் இலைநுனிச் சுருளை.

"யாரு போட்டது?"

"நாந்தாங்க" என்றாள் அக்கா.

"பாத்துப் போட்டியா?"

"தம்பி பறிச்சாந்து குடுத்தான்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இரண்டாம் பரிசுக்காரன் எப்படிச் சும்மா இருப்பான்? முன்னால் போய் நின்று, "இது செங்காந்தள்ங்க. நம்ம மாநில மலர்" என்று தொடங்கி, மொட்டில் பச்சையாக இருப்பது மஞ்சளாகிச் சிவப்பாகும் வரை, மேடையில் சொன்னதில் பாதியைச் சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை. நன்றாகக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"பேரு இன்னா சொன்ன?" என்றார் அந்த அம்மா.

"செங்காந்தள்ங்க."

"எங்க வூட்ல அதுக்கு வேற பேரு."

துணியை எடுத்து நான்காக மடித்தார். நிதானமாக, மூலைக்கு மூலை சேர்த்து மடித்தார். தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். "தல சுத்துது. வெளிய நிக்கிறேன்" என்றார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். பெரியப்பா மட்டும் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு வேலிப்பக்கம் ஏதோ பேசினார். வண்டிச் சத்தம் கேட்டது. மல்லிகைச் சரம் இலையோடு பாயிலேயே இருந்தது. அக்கா தலையைப் பின்னி, பூ வைக்க வாகாகக் கழுத்தைக் கொஞ்சம் குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மாமா திரும்பியதும் என்னை அடிக்கத்தான் வந்தார். அம்மா நடுவில் வந்து நின்றாள். அப்புறம்தான் மாமா விஷயத்தைச் சொன்னார். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா இருந்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மழைக்காலத்தில், அந்தக் கிழங்கைத் தின்று செத்துப்போயிருக்கிறாள். மாமாவுக்கு அது தெரியும். சொன்னால் நாங்கள் பெண் தரத் தயங்குவோம் என்று சொல்லவில்லை.

"குத்திக் காட்றதுக்குன்னே போட்டிருக்கீங்கன்னு சொல்றான்யா அந்த ஆளு. தெரியாம போட்டா இப்படி அச்சு அசலா வருமான்னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்ல?"

ஷேடு நூலில் போட்டிருந்தால் இது அந்தப் பூதானா என்று சந்தேகம் வந்திருக்கும், சுருளை விட்டிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். நான் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போகாமல் அவர்கள் ஊருக்கு பஸ் ஏறினேன். பையில் பாடப் புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போனவனைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைத் துரத்தவில்லை. புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"இத எல்லாப் புள்ளைங்களும் படிக்குதா?"

"ஆமாங்க."

"இது தின்னா செத்துப் பூடும்னு எழுதியிருக்குதா?"

பக்கத்தில் ஆறு வரி இருந்தது. எனக்கு மனப்பாடம். இருந்தாலும் மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தேன். "இல்லைங்க."

"எங்க பொண்ணு பள்ளிக்கூடம் பக்கமே போகல. அதுக்குத் தெரிஞ்சிருந்திச்சு." புத்தகத்தை மூடிக் கொடுத்தார். "நீ தெரியாமதான் செஞ்ச. மொகத்தப் பாத்தாலே தெரியுது. உங்க அக்கா மேலயும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அது இந்த வூட்டுக்கு வந்து வளைய வளைய வந்துக்கினு இருந்தா, எனக்கு அந்தத் துணிதான் கண்ணுல நிக்கும். அது பாவம் இல்லியா? போயி நல்லபடியா படி."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. அவளும் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. சோறு போட்டு வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அவள் வாசலில் துணியை இழுத்துக் கட்டும் எம்ப்ராய்டரி ரிங்கை வைத்துக்கொண்டு ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்டு நூல் மடிமேல் இருந்தது. இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தாள். நான் புத்தகத்தில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றை எடுத்து ஊசியில் கோத்துவிட்டாள்.

அக்காவுக்கு மூன்று வருஷம் கழித்து உளுந்தூர்பேட்டைப் பக்கம் கல்யாணம் ஆனது. மச்சான் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார். நல்ல மனிதர், ஆனால் மாதத்தில் பாதி நாள் வேலை இருக்காது. அக்கா ஹைவே ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவப் போகிறாள். மிஷின் வாங்கவில்லை. ஒரு பெண் குழந்தை இருக்கிறாள்.

நான் கல்லூரியில் சேரப் புறப்பட்டபோது, என் மார்க் ஷீட்டுகளை அக்காதான் ஒரு துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். ஹாஸ்டலில் போய்ப் பிரித்துப் பார்த்தால் அந்த மூடுதுணி. பூ உள்பக்கம் போகும்படி மடித்திருந்தாள். வீட்டில் வேறு சுத்தமான துணி இல்லாததால் எடுத்தாளா, எனக்கென்றே எடுத்தாளா என்று தெரியாது. கேட்கவும் முடியவில்லை. என் சர்டிபிகேட்டுகள் இன்றைக்கும் அதில்தான் இருக்கின்றன. வேலைக்கான நேர்காணலில் ஒருவர், "கைவேல அருமையா இருக்குதே, எந்தப் பூங்க இது?" என்று கேட்டார். "சும்மா ஒரு பூ சார்" என்றேன்.

மலையில் இந்தப் பாடம் நடத்தும்போது, அது விஷம் என்பதை முதலில் சொல்கிறேன். மாநில மலர் என்பதை இரண்டாவதாகச் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு முதலாவது முன்பே தெரிந்திருக்கிறது. அவர்கள் என்னைத்தான் கொஞ்சம் பாவமாகப் பார்க்கிறார்கள். அந்த நீலப் பூவுக்குச் சற்றுமுன் சரி போட்டுவிட்டேன்.

போன தீபாவளிக்கு அக்காவைக் கள்ளக்குறிச்சிக்குப் புடவை எடுக்க அழைத்துப் போனேன். இரண்டு புடவையை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "எது நல்லாகீது?" என்று மகளைக் கேட்டாள். கடைப் பெண்ணைக் கேட்டாள். அப்புறம் பில் போட வந்து நின்ற, யாரென்றே தெரியாத ஓர் அம்மாவைக் கேட்டாள்.